பன்னிரண்டரை லட்சத்துக்கு இரண்டு ஊர்

கல்கத்தாவுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தபோது வீட்டில் யாரும் அழவில்லை. பிரமோஷன் என்றால் வடக்கே போய்த்தான் ஆக வேண்டும், பேங்க் உத்தியோகத்தில் இது தெரிந்த கதை. பெண் பிளஸ் டூ படிப்பதால் மனைவியும் அவளும் சென்னையிலேயே இருக்க, நான் மட்டும் இங்கே ஒரு இரண்டு ரூம் ஃபிளாட்டில் சாதம் வடித்துக் கொண்டிருக்கிறேன். ரசம் நன்றாக வருகிறது. சாம்பார் இன்னும் வரவில்லை.

இந்த ஜனவரியில் அப்பா வந்தார். ஊர் பொறையாறு. தரங்கம்பாடிக்குப் பக்கத்திலேயே. கூட்டுறவு சொசைட்டியில் செயலாளராக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபத்தாறு வயது. முறுக்கு, வத்தல், நார்த்தங்காய் எல்லாம் இருந்த பையில் ஒரு பிளாஸ்டிக் கவரும் இருந்தது. அதற்குள் பவர் பத்திரம். தாத்தாவின் உயில்படி ஊர் வீட்டில் பாதி எனக்கு. விற்பதென்றால் நானும் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தெட்டு லட்சத்துக்கு ஒரு பார்ட்டி வந்திருக்கிறது.

"அவசரமில்லடா, ஊருக்குப் போறதுக்குள்ள போட்டுக் குடு" என்றார். நானும் அவசரப்படவில்லை. கவர் டிவி ஸ்டாண்டு மேல் பத்து நாள் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலேயே இருவரும் டிவி பார்த்தோம்.

வார இறுதியில் எங்காவது கூட்டிப் போகலாம் என்று தோன்றியது. தட்சிணேஸ்வரம், காளிகாட் எல்லாம் ஆகிவிட்டது. ஆபீஸில் ஒரு பெங்காலி நண்பர் சொன்னார்: "ஹூக்ளிக் கரையோரமா போங்க, ஐரோப்பா முழுக்க அங்கதான் இருக்கு." விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அது அப்படியே உண்மை. கல்கத்தாவிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குள், ஆற்றின் மேற்குக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஊர்கள். சேராம்பூர் டேனிஷ்காரர்களுடையது. சந்தன்நகர் பிரெஞ்சு. சின்சுரா டச்சு. அதை ஒட்டி ஹூக்ளி, பாண்டெல் போர்த்துகீசியர்கள் இருந்த இடம். எதிர்க் கரையில் பாரக்பூர், ஆங்கிலேயர் பட்டாளம். ஒரே ஆற்றங்கரையில் ஐந்து கடை! நம் ஊர் கடைத்தெருவில் ஜவுளிக் கடைகள் வரிசையாக இருக்குமே, அது மாதிரி.

சனிக்கிழமை விடியற்காலை என் பழைய ஆல்டோவில் கிளம்பினோம். முதலில் நேரே பாண்டெல் போய்விட்டு, அங்கிருந்து ஒவ்வொரு ஊராக இறங்கி வருவதாகத் திட்டம். ஜி.டி. ரோட்டின் அழகை ரொம்ப வர்ணிக்க முடியாது. லாரி, டோட்டோ, சைக்கிள் வேன், நடுவில் மாடு. ஆனால் எந்தச் சந்தில் கிழக்கே திரும்பினாலும் ஆறு வந்துவிடும். பனிமூட்டத்தில் ஆறு, படித்துறை, குளிக்கிற ஜனம். அப்பா முதல் படித்துறையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தலையில் மூன்று முறை தெளித்துக் கொண்டார். இங்கே இதற்கு ஹூக்ளி என்று பேர் என்றேன். "மேப்புல என்ன வேணா போட்டுக்கட்டும், இது கங்கைதான்" என்றார். இங்குள்ளவர்களும் கங்கா என்றுதான் சொல்கிறார்கள்.

ஏன் எல்லாரும் இங்கேயே கடை போட்டார்கள்? காரணம் ஒரு செத்துப்போன ஆறு. பாண்டெலுக்குக் கொஞ்சம் மேலே சப்தகிராமம் என்று பழைய துறைமுகம் இருந்தது. வங்காளத்தின் பெரிய சந்தை. சரஸ்வதி என்ற கிளையாற்றங்கரையில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அந்த ஆறு மண்மேடிட்டுப் போனது. கப்பல் வர முடியவில்லை என்றால் துறைமுகம் ஏது? தண்ணீர் இருந்த ஹூக்ளிக்கு வியாபாரம் இடம் மாறியது. போர்த்துகீசியர்கள் சுமார் 1580-ல் அங்கே குடியேறினார்கள். மொகலாய அதிகாரி, சுங்கச்சாவடி எல்லாம் அங்கே வந்தபின், பட்டு, மஸ்லின், வெடியுப்பு வாங்க வந்த மற்ற கம்பெனிகளும் பக்கத்துப் பக்கத்து ஊரில் அனுமதி வாங்கி உட்கார்ந்தன. ஆங்கிலேயரும் முதலில் ஹூக்ளியில்தான் இருந்தார்கள். மொகலாயரோடு சண்டை வந்து துரத்தப்பட்டு, 1690-ல் ஜாப் சார்னாக் கீழே போய், சதுப்பும் கொசுவுமாக இருந்த கிழக்குக் கரையில் உட்கார்ந்தார். அதுதான் கல்கத்தா. அந்தப் பக்கம்தான் ஆழம் அதிகம், பெரிய கப்பல் நிற்கும். மற்றவர்கள் நல்ல ஊரைப் பிடித்தார்கள், இவர்கள் நல்ல தண்ணீரைப் பிடித்தார்கள். முடிவு நமக்குத் தெரியும்.

பாண்டெல் மாதா கோவிலை 1599-ல் கட்டியதாகச் சொல்வார்கள். 1632-ல் ஷாஜஹான் படை ஹூக்ளியை அடித்து நொறுக்கியதில் அதுவும் போய், பிறகு திரும்பக் கட்டப்பட்டது. புயலில் தப்பிய ஒரு கப்பல் கேப்டன், நேர்த்திக்கடனாகத் தன் கப்பலின் பாய்மரத்தையே கொடுத்தார் என்று கதை. அப்பா உடனே, "நம்ம வேளாங்கண்ணி கதைதானேடா இது!" என்றார். யோசித்துப் பார்த்தால் ஆமாம். அங்கேயும் புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள், அங்கேயும் மாதா, அங்கேயும் நேர்த்திக்கடன். கடலில் போகிறவனுக்குக் கரையில் ஒரு அம்மா தேவைப்படுகிறாள் போல.

அடுத்து ஹூக்ளி இமாம்பாரா. இரட்டைக் கோபுரம், நடுவில் லண்டனில் வாங்கிய பெரிய கடிகாரம். 1841-ல் ஆரம்பித்து 1861-ல் முடித்த கட்டடம். என்னைக் கவர்ந்தது கட்டடம் இல்லை, அதன் பின்னால் இருக்கும் டிரஸ்ட் பத்திரம். ஹாஜி முகம்மது மொஹ்சின் என்பவர், கல்யாணமே செய்து கொள்ளாதவர், சகோதரியிடமிருந்து வந்த பெரிய சொத்தை 1806-ல் அப்படியே தர்மத்துக்கு எழுதி வைத்தார். வருமானத்தை ஒன்பது பங்காகப் பிரித்து, மத காரியத்துக்கு மூன்று, சம்பளம் பென்ஷன் போன்றவற்றுக்கு நான்கு, நிர்வாகிகளுக்கு இரண்டு. எவ்வளவு தெளிவு பாருங்கள்! ஆனால் 1812-ல் அவர் காலமானதும் நிர்வாகிகள் கைவைத்தார்கள், கேஸ் நடந்தது, கடைசியில் சர்க்கார் எடுத்துக் கொண்டது. சேர்ந்த பணத்தில் 1836-ல் ஒரு கல்லூரி வந்தது. அதில்தான் பங்கிம் சந்திரர் படித்தார். "பத்திரம் எவ்வளவு நல்லா எழுதினாலும் பாத்துக்கற ஆளு சரியா இருக்கணும்" என்றார் அப்பா. சொசைட்டி அனுபவம் பேசியது.

சின்சுராவில் டச்சுக் கல்லறைகளைத் தவிர டச்சுக்காரர்களின் தடம் குறைவு. அவர்கள் கட்டிய குஸ்தாவஸ் கோட்டை இப்போது இல்லை. 1759-ல் கிளைவின் ஆட்களிடம் தோற்றபிறகு இங்கே டச்சுக்காரர்கள் பேருக்குத்தான் இருந்தார்கள். 1824-ல் லண்டனில் ஒரு உடன்படிக்கை. இந்தியாவில் டச்சுக்காரர்களுக்கு மிச்சமிருந்ததெல்லாம், அதாவது நம் பழவேற்காடு, தூத்துக்குடி, இங்கே சின்சுரா எல்லாம் ஆங்கிலேயருக்கு, மலாக்காவும் கூட. பதிலுக்கு சுமத்ராவில் இருந்த பென்கூலன் டச்சுக்காரர்களுக்கு. பேங்கில் ஒரு கடனை எடுத்துக் கொண்டு இன்னொரு கடனைத் தள்ளிவிடுவோமே, அதே பாணி. பழவேற்காட்டில் மீன் பிடித்துக் கொண்டிருந்தவருக்கும் சின்சுராவில் தறி நெய்து கொண்டிருந்தவருக்கும் தாங்கள் ஒரே லிஸ்டில் இருந்தது தெரிந்திருக்காது.

ராத்திரி சந்தன்நகரில் தங்கினோம். இந்த ஊர்களிலேயே அழகு இதுதான். ஆற்றோரமாக ஸ்டிராண்ட் என்று ஒரு நடைபாதை, மரங்கள், பெஞ்சுகள். பாண்டிச்சேரி பீச் ரோட்டில் கடலுக்குப் பதில் ஆற்றை வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து, ஜல்பரா சந்தேஷ் என்று இந்த ஊர் ஸ்பெஷல் இனிப்பைச் சாப்பிட்டோம். கடித்தால் உள்ளேயிருந்து பாகு கொட்டும். அப்பா சட்டை நனைந்தது. சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் இரண்டாவது கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

பாண்டிச்சேரி என்று சும்மா சொல்லவில்லை. நம் ஆனந்தரங்கப் பிள்ளை டைரி முழுக்க வருகிறாரே துய்ப்ளே, அவர் பாண்டிச்சேரி கவர்னர் ஆவதற்கு முன் 1731 முதல் பத்து வருஷம் இந்த ஊருக்குத்தான் அதிகாரி. தூங்கி வழிந்த ஊரைத் தூக்கி நிறுத்தியவர். கம்பெனி வியாபாரத்தோடு சொந்த வியாபாரமும் ஜோராக நடந்தது. (இன்று நான் அப்படிச் செய்தால் விஜிலென்ஸ் கேஸ்!) 1741-ல் கல்யாணமும் இங்கேதான். அந்த அம்மாள்தான் பிள்ளை டைரியில் படாதபாடு படுத்துகிற மதாம். பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' படித்தவர்களுக்கு அவரை மறக்க முடியாது.

1757 மார்ச்சில் கிளைவ் தரைவழியாகவும் வாட்சன் கப்பல்களோடு ஆற்று வழியாகவும் வந்து இந்த ஊரை அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கப்பல்களை மூழ்கடித்து ஆற்றை மறித்தும் பயனில்லை. ஓர்லியான் கோட்டை தரைமட்டம். பிளாசி யுத்தம் இதற்கு மூன்று மாதம் பின்னால்தான். முதலில் பிரெஞ்சுக்காரர்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் நவாபிடம் கை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிளாசியை மட்டும் மனப்பாடம் செய்தோம், இதை யாரும் சொல்லவில்லை.

பிறகு ஊர் திரும்பவும் பிரான்ஸ் கைக்கு வந்தது, கோட்டை கொத்தளம் இல்லாமல். அப்படிப் பல்லில்லாமல் இருந்ததே பிற்காலத்தில் வேறு விதத்தில் உதவியது. பிரிட்டிஷ் போலீஸ் உள்ளே வர முடியாதே! 1910 பிப்ரவரியில் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் வந்து ஒளிந்தது இங்கேதான். அங்கிருந்து ஏப்ரல் 4-ஆம் தேதி பாண்டிச்சேரியில் போய் இறங்கினார். பாரதியார் ஏற்கெனவே 1908-லேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊருக்கு. அவர் போன கப்பலின் பெயர் என்ன தெரியுமா? துய்ப்ளே!

சுதந்திரத்துக்குப் பின், 1949-ல் இங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஏகப்பட்ட பெரும்பான்மையில் இந்தியாவோடு சேர்வதாகச் சொன்னார்கள். 1950 மே மாதம் நிர்வாகம் கைமாறியது. 1954 அக்டோபரில் மேற்கு வங்காளத்தோடு சேர்ந்தது. நான் இந்த விவரத்தைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஒரு ஊர்லதான் ஜனங்களக் கேட்டிருக்காங்க" என்றார்.

ஞாயிறு காலை சேராம்பூர். இதற்குத்தான் நான் உண்மையில் வந்தேன்.

சின்ன வயதில் டேன்ஸ்போர்க் கோட்டைதான் எங்களுக்கு விளையாட்டு மைதானம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டியது. அந்தக் கோட்டைக்காரர்கள்தான் 1755-ல் இங்கே ஒரு கிளை திறந்தார்கள். ராஜா பெயரில் ஃப்ரெடரிக்ஸ்நகர் என்று பெயர் வைத்தார்கள். நம் தரங்கம்பாடிதான் ஹெட் ஆபீஸ், சேராம்பூர் பிராஞ்ச்! இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை கல்கத்தா என்றால் பெரிய ஊர் என்று கொஞ்சம் அடங்கியிருந்தவர், அதற்குப் பிறகு இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி நடந்தார்.

பிராஞ்ச் ஹெட் ஆபீஸை மிஞ்சியது. அதற்குக் காரணம் ஒரு பேங்க்காரனுக்குத்தான் ருசிக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள். கல்கத்தாவில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் லஞ்சத்திலும் சொந்த வியாபாரத்திலும் கோடி கோடியாகச் சேர்த்தார்கள். அதை எப்படி ஊருக்கு அனுப்புவது? தங்கள் கம்பெனி வழியாகவே அனுப்பினால் அளவுக் கட்டுப்பாடு, கேள்வி வேறு. அதனால் ஆற்றோரமாக இங்கே வந்து டேனிஷ்காரரிடம் ரூபாயாகக் கொடுத்துவிடுவார்கள். அவர் அந்தப் பணத்தில் இங்கே துணி வாங்கிக் கப்பலில் ஏற்றி, கோபன்ஹேகனில் விற்று, ஐரோப்பாவில் உண்டியலுக்குப் பணம் கொடுப்பார். உள்ளே ரூபாய், வெளியே பவுண்டு. இதற்கு இன்று என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். இங்கிலீஷ்காரன் பணத்தை முதலாக வைத்து இங்கிலீஷ் கம்பெனிக்கே போட்டி! போதாதற்கு, இங்கிலாந்தும் பிரான்சும் சண்டை போடும் போதெல்லாம் டென்மார்க் நடுநிலை. அந்தக் கொடி பறந்தால் சரக்கு பத்திரம். கல்கத்தாவில் கடன் வாங்கித் திருப்ப முடியாதவர்களும் ஓடிவந்து ஒளிந்த இடம் இதுவே. கோர்ட் ஆணை இங்கே செல்லாது. என் பிராஞ்ச் என்.பி.ஏ. லிஸ்டில் உள்ள சிலர் முகம் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு இப்படி ஒரு சேராம்பூர் கிடைத்தால் நான் தொலைந்தேன்.

இப்படி ஒளிந்து வந்தவர்களில் நல்லவர்களும் உண்டு. கம்பெனி தன் எல்லைக்குள் பாதிரிமார்களை விடவில்லை. வில்லியம் கேரி 1800-ல் டேனிஷ் கொடிக்குக் கீழே வந்தது அதனால்தான். கேரி, மார்ஷ்மேன், வார்டு மூவரும் போட்ட அச்சகத்தில் சுமார் நாற்பது மொழிகளுக்கு எழுத்து ஓடியது. 1812-ல் எல்லாம் எரிந்து சாம்பலாகியும் திரும்ப ஆரம்பித்தார்கள். 1818-ல் கல்லூரி. 1827-ல் டென்மார்க் ராஜாவே பட்டம் கொடுக்கும் சாசனம் எழுதிக் கொடுத்தார். மதுரையிலும் சென்னையிலும் இறையியல் படித்தவர்கள் "சேராம்பூர் பட்டம்" என்பார்களே, அதற்கு மூலம் அந்தச் சாசனம்தான்.

1820-ல் இங்கே நீராவி இயந்திரம் வைத்துக் காகிதம் செய்தார்கள் என்று நான் சொல்ல, அப்பா குறுக்கிட்டார். "நம்ம ஊர் கடுதாசிப் பட்டறைய மறந்துட்டியா? சீகன்பால்கு காலம்டா அது, இவங்களுக்கு நூறு வருஷம் முன்னாடி." உண்மைதான். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1713-லேயே தமிழில் அச்சடிக்க ஆரம்பித்தார். அதற்கான காகிதப் பட்டறை பொறையாறில் இருந்தது. ஹெட் ஆபீஸ் இந்த ரவுண்டிலும் ஜெயித்தது.

1806-ல் முடிந்த செயின்ட் ஓலாவ் தேவாலயத்தின் முகப்பில் டென்மார்க் ராஜாவின் முத்திரை எழுத்து இருக்கிறது. தரங்கம்பாடி ஊர் வாசலில், அதாவது 1792-ல் கட்டிய அந்தப் பெரிய கேட்டில், இதே ராஜ்ஜியத்தின் முத்திரை. அதன் கீழே நுழைந்துதான் நான் ஆயிரம் தடவை போயிருப்பேன். அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். டேனிஷ் அருங்காட்சியகத்தார் உதவியோடு தேவாலயத்தைப் பழுது பார்த்திருக்கிறார்கள். 1786-ல் திறந்த டென்மார்க் டாவர்ன் என்ற விடுதியையும் இடிபாட்டிலிருந்து மீட்டு 2018-ல் காபி கடையாகத் திறந்தார்கள். அங்கே உட்கார்ந்து காபி குடித்தோம். ஜன்னலுக்கு வெளியே ஆறு, எதிரே பாரக்பூர்.

அங்கே வைத்துத்தான் விற்பனைக் கதையைச் சொன்னேன். 1808-ல் ஆங்கிலேயர் சேராம்பூரைப் பிடித்து ஏழு வருஷம் வைத்திருந்தார்கள். 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது வியாபாரம் செத்திருந்தது. ஆங்கில ஆலைத் துணி வந்துவிட்டது, வங்காளத் துணியை யார் வாங்குவார்கள்? வருமானம் இல்லை, செலவு மட்டும். முப்பது வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு, 1845-ல் டென்மார்க் ராஜா தரங்கம்பாடியையும் சேராம்பூரையும், பாலேஷ்வரில் இருந்த ஒரு துண்டு நிலத்தையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றார். ஒரே பத்திரம்.

"எவ்வளவுக்கு?"

"பன்னிரண்டரை லட்சம்."

"ரெண்டு ஊரும் சேத்தா?"

"கோட்டை, கவர்னர் மாளிகை, எல்லாம் சேத்து."

அப்பா சிரித்துவிட்டார். "நம்ம ஓட்டு வீட்டுக்கே முப்பத்தெட்டு தர்றான்டா!" அந்தக் காலத்துப் பன்னிரண்டரை லட்சம் வேறு என்று நான் வட்டிக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. ஆற்றைப் பார்த்துக் கொண்டே, "அப்ப ஊர்ல இருந்தவங்க?" என்றார்.

அவர்களை யாரும் கேட்கவில்லை என்றேன். ஆனால் கல்லூரிக்கு மட்டும் பத்திரத்தில் தனி ஷரத்து போட்டார்கள், ராஜா கொடுத்த உரிமைகள் புது முதலாளி வந்தாலும் தொடரும் என்று. அதனால்தான் அந்தச் சாசனம் இன்று வரை உயிரோடு இருக்கிறது.

என் சொந்தக் கதையும் கொஞ்சம் இதில் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த பேங்க் இன்று இல்லை. இன்னொன்றோடு இணைத்தார்கள். ஒரு ஏப்ரல் முதல் தேதி காலையில் போர்டு மாறியது, பாஸ்புக் நிறம் மாறியது. இருபது வருஷ வாடிக்கையாளர் ஒருவர் கவுன்ட்டரில் நின்று, "சார், நான் எங்க சார் இருக்கேன் இப்ப?" என்று கேட்டார். அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் காபியை முடித்துவிட்டு, "முன்கட்டு டெய்லர் என்ன பண்ணுவான்?" என்றார்.

எங்கள் வீட்டு முன்கட்டில் முப்பது வருஷமாக ஒரு டெய்லர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. என் முதல் ஃபுல் பேண்ட் அவர் தைத்தது. வாங்குகிற பார்ட்டி காலி வீடாகக் கேட்கிறான் என்பதை அப்பா அதுவரை என்னிடம் சொல்லவே இல்லை. பத்து நாளாகக் கவரை எடுத்துக் கொடுக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணமா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கையெழுத்துப் போடாமல் இருந்த காரணத்தை அவரும் கேட்கவில்லை.

திரும்பும்போது டெல்லி ரோட்டைப் பிடித்து எட்டு மணிக்கு வீடு வந்துவிட்டோம். ரசம் வைத்தேன். சாப்பிட்டு முடித்து அப்பா தானே கவரை எடுத்து வந்தார். "அந்தக் காலேஜுக்குப் போட்ட மாதிரி ஒரு வரி சேத்து எழுது. விக்கிற பத்திரத்துல டெய்லருக்கு ரெண்டு வருஷம் டைம் குடுக்கணும், இதே வாடகைல. ஒத்துக்கலன்னா வேற பார்ட்டி பாப்போம்."

"வெல குறையும்பா."

"குறையட்டும். மூணு குறையுமா?"

பழைய டிராஃப்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பில் புதிதாக அடித்தேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு நோட்டரியிடம் போனோம். அவர் ஒரு பெங்காலி பெரியவர். ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ட்ராங்கேபார் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அப்பா இங்கிலீஷில் பதில் சொன்னார், "சேராம்பூர் ஹெட் ஆபீஸ்."